காலியாகக் கிடக்கும் பெட்டுக்கு யார் காசு கொடுப்பது? அழகு நிலைய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அழகு நிலையம் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் 13 வருடமாக பியூட்டி தெரபிஸ்ட். ஃபேஷியல், வேக்ஸிங், கண் இமை, நகம் என்று இந்தத் தொழிலில் கை படாத வேலை இல்லை. 9 வருடம் கமிஷனுக்கு வேலை பார்த்தேன். அப்புறம் 4 வருடம் ஒரு பார்லரில் ரூமை வாடகைக்கு எடுத்து நடத்தினேன். இப்போது மறுபடி இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். போகிற இடமெல்லாம், பேச்சு முடிகிற நேரத்தில் ஒரே கேள்விதான் வருகிறது: "கமிஷனா, வாடகையா? உங்கள் இஷ்டம்தான்."

இஷ்டம் என்ற சொல் கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்லத் தேவையான ஒரு தகவலும் உங்களிடமிருந்து வருவதில்லை. அந்த ரூமுக்கு வாரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணி நேரம் அது சும்மா கிடக்கிறது, கமிஷன் எந்தத் தொகையின் மேல், டவல் துவைப்பது யார் செலவு, எதுவும் தெரியாது. ரிசப்ஷனில் இருக்கும் சோபாவையும் உங்கள் முகத்தையும் பார்த்து நான் முடிவெடுக்கவேண்டும். இரண்டு தடவை அப்படித்தான் எடுத்தேன். மூன்றாவது தடவையும் அப்படி எடுக்க மனசு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஒரு மதியத்தைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை, 2 மணிக்கு ஒரு ஃபேஷியல் புக் ஆகியிருந்தது. ஒன்றரைக்கே ஸ்டீமரில் தண்ணீர் ஊற்றி, பெட்டில் புது விரிப்பு போட்டு, தலைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று மூன்று டவல் மடித்து வைத்துவிட்டேன். மூன்றரைக்கு ஒரு கால் வேக்ஸ் இருந்ததால் ஹீட்டரையும் போட்டு வைத்தேன். 2:10. 2:20. ரிசப்ஷனில் இருந்த பெண் போன் பண்ணிப் பார்த்தாள், எடுக்கவில்லை. இரண்டரைக்கு அந்த அப்பாயின்ட்மென்டின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். அவ்வளவுதான். ஹீட்டர் மட்டும் வேக்ஸை உருக்கிக்கொண்டே இருந்தது.

அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்? அது நான் கமிஷனில் இருந்த காலம், அடிப்படைச் சம்பளம் கிடையாது. ஆள் வரவில்லை என்றால் எனக்குக் காசும் வராது. ஆகவே கொடுத்தவள் நான். பிற்பாடு வாடகைக்குப் போனபோதும் இப்படி மதியங்கள் வந்தன. அப்போதும் கொடுத்தவள் நான்தான், ஏனென்றால் வாடகைக்கு யார் வந்தார்கள் வரவில்லை என்பது தெரியாது. ஏட்டில் இரண்டும் எதிரும் புதிருமான ஏற்பாடுகள். காலி நேரம் என்று வந்ததும் இரண்டும் ஒரே பாக்கெட்டில்தான் கை வைத்தன.

உங்களிடம் பேச விரும்புவது இதைத்தான். கமிஷன் நல்லதா வாடகை நல்லதா என்பது இரண்டாவது கேள்வி. அப்பாயின்ட்மென்ட் நோட்டை யார் கையில் வைத்திருக்கிறாரோ, காலி நேரத்தின் நட்டத்தையும் அவர்தான் தாங்கவேண்டும். நோட்டு உங்கள் கையில், நட்டம் என் கையில் என்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குக் கட்டுப்படியாகாது.

முதலில் கமிஷனை எடுத்துக்கொள்வோம். 30 சதவீதம் தருகிறவர்களும் உண்டு, 50 தருகிறவர்களும் உண்டு. வேலைக்குச் சேரும்போது நாங்கள் அந்த எண்ணை மட்டும்தான் கேட்கிறோம். அது எங்கள் தப்பு. "எதில் 40 சதவீதம்?" என்று கேட்கவேண்டும். ஒரு ஃபேஷியலின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் சரி. 100-இல் 40 சதவீதம் என்றால் 40. ஆனால் கிரீம், சீரம், மாஸ்க் செலவுக்கு 15 கழித்துவிட்டு மீதி 85-இல் 40 சதவீதம் என்றால் 34. இதைச் சேரும் அன்றைக்கு யாரும் சொல்வதில்லை. முதல் மாதச் சம்பளச் சீட்டில்தான் தெரியவரும். இத்தனைக்கும் அந்த 15 என்பது உண்மையான பொருள் செலவா, குத்துமதிப்பா என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

அடுத்தது ஆஃபர். காலியான நாட்களை நிரப்ப நீங்கள் பாதி விலைக்கு ஃபேஷியல் அறிவிக்கிறீர்கள். நல்ல யோசனைதான், ஆட்களும் வருகிறார்கள். ஆனால் பாதி விலை ஃபேஷியலுக்குப் பாதி முகமா இருக்கிறது? அதே 60 நிமிடம், அதே மசாஜ், அதே கட்டைவிரல். எனக்கு மட்டும் 40-க்குப் பதில் 20. விளம்பரம் செய்வது வியாபாரத்தின் செலவு. தள்ளுபடியைக் கொடுப்பது என்று முடிவு செய்தவர் நீங்கள் என்றால், கமிஷன் பழைய விலையின் மேல்தான் கணக்காகவேண்டும். குறைந்தபட்சம், தள்ளுபடி வேலையை எடுப்பதா வேண்டாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவாவது வேண்டும். இதே போலத்தான் ஆறு சிட்டிங் பேக்கேஜ். கஸ்டமர் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிடுகிறார், அது உங்கள் கல்லாவில் விழுந்துவிடுகிறது. நான் நாலு சிட்டிங் செய்துவிட்டு வேலையை விட்டுப் போனால் நாலுக்கான கமிஷன் வருமா? மீதி இரண்டைச் செய்கிறவளுக்கு யார் கொடுப்பது? கிஃப்ட் வவுச்சரிலும் இதே சிக்கல். ஒரு வரி எழுதி வைத்தால் தீரும் விஷயத்துக்கு நான் இரண்டு தோழிகளின் நட்பைப் பறிகொடுத்திருக்கிறேன்.

இலக்குக் கமிஷன் பற்றியும் சொல்லவேண்டும். "மாதம் இவ்வளவு தாண்டினால் 35 அல்ல, 45" என்பீர்கள். தாண்டினால் மொத்தத் தொகைக்கும் 45-ஆ, தாண்டின பகுதிக்கு மட்டுமா? மொத்தத்துக்கும் என்றால், இலக்குக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறவளுக்கு மாதக் கடைசி இரண்டு நாள் மூச்சு முட்டும். ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர், புக் பண்ணாமல் நேராக வருகிற வாக்-இன் கஸ்டமரை யாரிடம் அனுப்புகிறார் என்பதில்தான் அவளுடைய மாதமே இருக்கிறது. அந்த இரண்டு நாளில் ரிசப்ஷனிஸ்டுக்கு எத்தனை பேர் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். தாண்டின பகுதிக்கு மட்டும் அதிக விகிதம் என்று வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, வாடகைக்கு வருவோம். இதில் ஒரு அடிப்படைக் குழப்பம் இருக்கிறது. நாற்காலி வாடகை என்பது முடி வெட்டுகிறவர்கள் பக்கத்திலிருந்து எங்கள் பக்கத்துக்கு வந்த ஏற்பாடு. ஹேர் ஸ்டைலிஸ்டால் ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பார்க்க முடியும். ஒருவருக்குக் கலர் போட்டுவிட்டு, அது ஊறுகிற அரை மணி நேரத்தில் இன்னொருவருக்கு முடி வெட்டலாம். எங்களால் முடியாது. கதவைச் சாத்தின ரூமில் ஒரு பெட், ஒரு உடம்பு, இரண்டு கை. மாஸ்க் காய்கிற பத்து நிமிடத்தில்கூட கஸ்டமரை விட்டுவிட்டு வெளியே போகக்கூடாது. ஒரு மணி நேர வேலை என்றால் விரிப்பு மாற்ற, கருவிகளைச் சுத்தம் செய்ய, அடுத்தவரின் சருமக் குறிப்புக் கார்டைப் படிக்க இன்னும் கால் மணி நேரம். 8 மணி நேரத்தில் இடைவெளியே இல்லாமல் ஓடினாலும் 6 பேர்தான். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ஏழாவது ஆளுக்கு நேரம் கிடையாது. அதனால், "என் ஸ்டைலிஸ்ட் இவ்வளவு வாடகை தருகிறார், ரூம் அதைவிடப் பெரியது, அதனால் உனக்கு இவ்வளவு" என்று சதுர அடியை அளந்து வாடகை சொல்கிற உரிமையாளர் எங்கள் வேலையைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

வாடகைக் காலத்தில் நான் எழுதி வைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து காசுப் பெயரை எடுத்துவிட்டு எண்களை மட்டும் சொல்கிறேன். வாரம் 25 பேர் வந்தால் என் வசூல் 100. அதே வேலையைக் கமிஷனில் செய்தால் 40 கிடைத்திருக்கும். வாடகையில் என்ன ஆகிறது? ரூமுக்கு 30. கிரீம், வேக்ஸ், பஞ்சு, ஸ்பேச்சுலா எல்லாம் சேர்த்து வசூலில் 12 சதவீதம். டவல் சலவை, கார்டு மெஷின், இன்சூரன்ஸ், புக்கிங் ஆப் எல்லாம் சேர்த்து வாரம் 8. போக என் கையில் 50. முதல் வாரம் இந்த 50-ஐப் பார்த்து, 9 வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று உண்மையிலேயே அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டு அந்த மாதமே புது மேக்னிஃபையிங் லேம்ப் ஒன்று வாங்கினேன். அது வேறு கதை.

வருடம் முடிந்து கூட்டிப் பார்த்தபோதுதான் கணக்கு சிரித்தது. வருடத்துக்கு 52 வாரம், நான் வேலை செய்தது 46. மீதி 6 வாரம் லீவு, காய்ச்சல், வீட்டு விசேஷம். வேலை செய்தது 46 வாரமானாலும் வாடகை 52 வாரத்துக்கும் போனது. இன்சூரன்ஸ், ஆப் செலவும் அப்படித்தான். வசூல் 4600. பொருளுக்கு 552, வாடகைக்கு 1560, மற்றதற்கு 416 போக மிச்சம் 2072. கமிஷனில் இருந்திருந்தால் 46 வாரத்துக்கு 1840. அந்த 6 வாரத்துக்குச் சம்பளத்தோடு லீவு தருகிற இடமாக இருந்தால் இன்னும் 240 சேர்ந்து 2080. அதாவது எட்டு அதிகம்! வாரத்துக்கு 10 கூடக் கிடைக்கிறது என்று நான் ஆடின ஆட்டம் அவ்வளவுதான். லீவுச் சம்பளம் இல்லாத இடம் என்றால் வாடகையில் 232 அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதின நேரம், பொருள் வாங்க அலைந்த நேரம், வரிக் கணக்குக்கு ஆள் வைத்த செலவு எல்லாம் அந்த 232-க்குள்தான் அடங்கவேண்டும்.

ஏற்ற இறக்கத்தில்தான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தெரியும். வாரத்துக்கு 25 பேருக்குப் பதில் 35 பேர் வந்தால் வாடகைக்காரிக்கு வருட முடிவில் 3691, கமிஷன்காரிக்கு 2576. ஆனால் 35 பேர் என்றால் நாளைக்கு 6 பேர் வீதம் ஆறு நாள் ஓடவேண்டும், எத்தனை வருடம் ஓடமுடியும் என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். 25 பேர் 17, 18 ஆகக் குறைந்தால், அதாவது வசூல் 70 ஆனால், கமிஷன்காரிக்கு 1288; வாடகைக்காரிக்கு 858. வசூல் குறைந்தது 30 சதவீதம். என் வருமானம் குறைந்தது பாதிக்கும் மேலே. என் எண்களில் இரண்டும் சமமாகும் இடம் வசூல் 90-க்குப் பக்கத்தில், வாரத்துக்கு 22, 23 பேர். அதற்குக் கீழே கமிஷன், மேலே வாடகை. உங்கள் வாடகைக்கும் உங்கள் விகிதத்துக்கும் இந்த இடம் வேறாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பார்லரிலும் இப்படி ஒரு இடம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு விதமாகச் சொன்னால், வாரத்தின் முதல் 11 பேர் வாடகைக்கும் மற்ற நிலையான செலவுக்கும்தான். திங்கள், செவ்வாய் முழுக்க, புதன் காலை முதல் ஆள் வரைக்கும் நான் ரூமுக்கு வேலை செய்கிறேன். பன்னிரண்டாவது ஆளிலிருந்துதான் எனக்கு.

இந்த 25 பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. ஃபேஷியல் கஸ்டமர் சுமார் நாலு வாரத்துக்கு ஒரு தடவை வருவார். வேக்ஸிங் நாலிலிருந்து ஆறு வாரம். ஜெல் நகமும் இமை எக்ஸ்டென்ஷன் இன்ஃபில்லும் (உதிர்ந்த இமைகளின் இடத்தை நிரப்புவது) இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஆக, வாரம் 25 பேர் வேண்டும் என்றால் ஃபேஷியல் மட்டும் செய்கிறவளுக்கு 100 ரெகுலர் கஸ்டமர் தேவை; வேக்ஸிங் என்றால் 150 வரைக்கும் போகும்; இமை செய்கிறவளுக்கு 50-லிருந்து 75 போதும். ஒரே ரூம், ஒரே வாடகை, ஆனால் ஒருத்திக்கு 50 பேரைப் பிடித்தால் போதும், இன்னொருத்திக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பயிற்சி முடித்து ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணிடம், "உன் காலில் நீயே நிற்கலாம்" என்று சொல்லி முழு வாடகைக்கு ரூம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் இருப்பது அக்கா, சித்தி, அக்காவின் தோழி, மொத்தம் 12 பேர். மூன்று மாதத்தில் சேமிப்பு தீர்ந்து அவள் போய்விடுவாள். முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு ரூமுக்கு அடுத்த பெண்ணைத் தேடுவீர்கள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு முதல் ஒரு வருடம் அடிப்படைச் சம்பளத்தோடு கமிஷன் கொடுங்கள். அல்லது வாரத்தில் இரண்டு நாளுக்கு மட்டும் ரூம் கொடுங்கள். அதுவும் இல்லையா, வாடகையைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

"வசூலில் இத்தனை சதவீதம் அல்லது குறைந்தபட்ச வாடகை, எது அதிகமோ அது" என்று ஒரு ஒப்பந்தம் உண்டு. ஒரு தடவை கையெழுத்துப் போடுவதற்கு முன் இரவு உட்கார்ந்து யோசித்தேன். வியாபாரம் நன்றாக ஓடினால் சதவீதம் உங்களுக்கு. ஓடாவிட்டால் குறைந்தபட்ச வாடகை உங்களுக்கு. எனக்கு எந்த வாரம் நல்ல வாரம் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. போடவில்லை.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும்.

வாடகை கொடுத்த 4 வருடத்தில், நான் வாடகைக்காரியாக இருந்த நாட்கள் ரொம்பக் கம்மி. ஃபேஷியலுக்கு என்ன விலை என்று நிர்ணயித்தது உரிமையாளர். காலை 10 மணிக்கு வரவேண்டும், சாயங்காலம் 7 வரைக்கும் இருக்கவேண்டும். அவர் சொன்ன பிராண்டுதான் வாங்கவேண்டும், அதுவும் அவரிடமிருந்து. கஸ்டமர் பணம் அவருடைய கல்லாவுக்குப் போய், பத்து நாள் கழித்து வாடகை கழித்துக்கொண்டு எனக்கு வரும். யூனிஃபார்ம் வேறு. ஒரு நாள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நாலு மணிக்குக் கிளம்பினேன். "பர்மிஷன் கேட்டீங்களா?" என்றார். நான் வாடகை கொடுக்கிற ரூமிலிருந்து நான் வெளியே போக எனக்குப் பர்மிஷன்! ஆனால் அதற்கு அடுத்த மாதம் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டுத் தசைநாண் வீங்கி, டாக்டர் ஐந்து வாரம் கையை அசைக்கக்கூடாது என்றபோது மட்டும், "நீங்க தனியா தொழில் பண்றவங்க, நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார். அந்த ஐந்து வார வாடகையையும் ஒரு காசு குறையாமல் கட்டினேன்.

உலகத்தில் இந்தப் பஞ்சாயத்து புதிதில்லை. கலிஃபோர்னியாவில் 2019-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், ஏபி 5 என்று பெயர். 2020 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒருவர் சுயதொழில் செய்பவரா, ஊழியரா என்று பிரிக்கிற சட்டம். அதில் முடி வெட்டுகிறவர்கள், எஸ்தெடிஷியன்கள் (சருமப் பராமரிப்பு செய்கிறவர்கள்) போன்ற உரிமம் பெற்ற அழகுக் கலைஞர்களுக்குத் தனியாகச் சில நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். விலையை அவரே வைக்கவேண்டும். கஸ்டமர் பணம் நேராக அவர் கைக்கு வரவேண்டும். வேலை நேரத்தை அவரே தீர்மானிக்கவேண்டும். எத்தனை பேர், யார் யார் என்பதையும் அவரே. சொந்தமாகக் கஸ்டமர்கள் இருக்கவேண்டும், அப்பாயின்ட்மென்டை அவரே போடவேண்டும். தன் பெயரில் தொழில் உரிமம் இருக்கவேண்டும். நான் என் 4 வருடத்தை வைத்து இந்தப் பட்டியலைச் சரிபார்த்தேன். உரிமத்தில் மட்டும் பாஸ். மற்ற எல்லாவற்றிலும் ஃபெயில்.

"ஒப்பந்தத்தில் சுயதொழில் என்றுதானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்பீர்கள். பிரிட்டனில் ஊபர் டாக்ஸி நிறுவனமும் டிரைவர்களைப் பற்றி அதைத்தான் சொன்னது. 2021 பிப்ரவரியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், எழுதின ஒப்பந்தத்திலிருந்து தொடங்கக்கூடாது என்று சொல்லி, கட்டணத்தை யார் வைக்கிறார்கள், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து, டிரைவர்களுக்குத் தொழிலாளர் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெயரில் வாடகையும் நடப்பில் வேலையுமாக வைத்திருப்பது எல்லா இடத்திலும் ஒரு நாள் உங்கள் கழுத்தைத்தான் பிடிக்கும். பழைய வரி, பழைய விடுப்புச் சம்பளம் என்று மொத்தமாக வந்து நிற்கும்.

எனவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆமாம், எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்களே, முதலில் நீங்கள் தேர்ந்தெடுங்கள். விலை, நேரம், பிராண்ட், யூனிஃபார்ம் எல்லாம் என் சொல்படிதான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்களா? தப்பே இல்லை. ஒரு பார்லருக்கு ஒரு தரம் வேண்டும், ஒரு ரூமில் ஒரு மாதிரி இன்னொரு ரூமில் வேறு மாதிரி இருந்தால் உங்கள் பேர்தான் கெடும். அப்படியென்றால் அடிப்படைச் சம்பளத்தோடு கமிஷன் கொடுங்கள், லீவு கொடுங்கள், காலி நேரத்தை நீங்கள் தாங்குங்கள். மாதா மாதம் வாடகை நிச்சயமாக வந்தால் போதும், தலைவலி வேண்டாம் என்கிறீர்களா? அதுவும் சரி. அப்படியென்றால் சாவியைக் கொடுங்கள், கல்லாவைப் பிரியுங்கள், நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று பார்க்காதீர்கள். சுத்தம், பாதுகாப்பு விதிகளை மட்டும் கறாராக வையுங்கள். அதில் நான் உங்கள் பக்கம்தான். அரைகுறையாகச் சுத்தம் செய்த கருவி ஒன்றால் பக்கத்து ரூம்காரியின் தொழிலும் சேர்ந்து போகும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் தெரியாமல் இதை எழுதவில்லை. எனக்கு 40 போனால் உங்களுக்கு 60 லாபம் என்று நினைக்கிற அளவுக்கு நான் சின்னப்பிள்ளை இல்லை. அந்த 60-லிருந்துதான் கட்டட வாடகை, கரண்ட், ரிசப்ஷனிஸ்ட் சம்பளம், விளம்பரம், பழுதாகும் ஏசி எல்லாம். நீங்கள் பயிற்சி கொடுத்து ஆளாக்கின பெண், ஒரு வருடத்தில் உங்கள் கஸ்டமர் 40 பேரைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் ரூம் போட்டது எனக்குத் தெரியும். அந்த வயிற்றெரிச்சலில்தான் "வெளியே போனால் இத்தனை வருடம் இந்தப் பக்கம் வேலை செய்யக்கூடாது" என்று எழுதி வாங்குகிறீர்கள். ஆனால் கஸ்டமர் யாருடையவர் என்பதை முதல் நாளே பேசிவிட்டால் பாதிச் சண்டை வராது. கமிஷனில் இருப்பவளுக்கு வருகிறவர் உங்கள் கஸ்டமர், கார்டு உங்களுடையது. அலர்ஜி, சருமக் குறிப்பு எல்லாம் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். வாடகை கொடுப்பவள் அழைத்து வருகிறவர் அவள் கஸ்டமர். கார்டும் அவளுடையது, அதைப் பாதுகாக்கிற பொறுப்பும் அவளுடையது, வேக்ஸ் சுட்டுவிட்டால் இன்சூரன்ஸும் அவள் பேரில். ரோட்டில் போகிறவர் கதவைத் திறந்து உள்ளே வந்தால் யாருக்கு என்பதை மட்டும் பேசி எழுதிக்கொள்ளவேண்டும். போனை உங்கள் ஆள் எடுத்து அப்பாயின்ட்மென்ட் போடுகிறார் என்றால் அதற்குத் தனிக் கட்டணம் கேளுங்கள், கொடுக்கிறேன். லேசர் மாதிரி என்னால் வாங்க முடியாத மெஷின் உங்களிடம் இருந்தால் அதற்கு ஒரு சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வாடகையாகவும், மெஷின் பங்கு மெஷின் பங்காகவும் தனித்தனி வரியில் இருந்தால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அடுத்த வாரம் உங்களில் ஒருவரைப் பார்க்க வருகிறேன். போனில் நன்றாகப் பேசினீர்கள். "வந்து ரூமைப் பாருங்கள், பிடித்தால் சேர்ந்துகொள்ளுங்கள்" என்றீர்கள். ரூமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடைசி மூன்று மாத அப்பாயின்ட்மென்ட் நோட்டை மேஜை மேல் எடுத்து வையுங்கள், கஸ்டமர் பேரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு. பென்சில் கோடு விழுந்த இடங்கள் மட்டும் தெரிந்தால் போதும். நானும் என் நோட்டைக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரூம் ஒன்றில் வேலை செய்யக்கூடிய ஒரு தெரபிஸ்ட்